மலையில் தங்க வேண்டியதும் மலையிறங்க வேண்டியதும்: ஏற்காட்டுக் குப்பையை வைத்து மறுசுழற்சியைப் புரிந்துகொள்ளுதல்

கோடை விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் ஏற்காட்டின் குப்பையைப் பற்றிய பேச்சு சேலத்தில் எழுவது வழக்கம். அந்தப் பேச்சில் மூன்று யோசனைகள் தவறாமல் வரும். இன்னும் நிறையக் குப்பைத் தொட்டிகள் வைக்க வேண்டும் என்பார் ஒருவர். மலை மேலேயே ஒரு மறுசுழற்சி ஆலை கட்டிவிடலாம் என்பார் இன்னொருவர். மொத்தமாக அள்ளிக் கீழே அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்பார் மூன்றாமவர். மூவருக்கும் மலையின் மீது உண்மையான அக்கறை உண்டு. ஆயினும், குப்பை என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுவேறான பொருள்கள் அடங்கியிருப்பதையும், நடுவில் ஒரு மலைப்பாதை இருப்பதாலேயே அவற்றின் கணக்கு மாறிவிடுவதையும் இந்த யோசனைகள் கருதிப் பார்ப்பதில்லை.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் முதன்மைச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. மேலே பிறக்கும் ஒவ்வொரு கிலோ குப்பையும் ஒன்று மலையிலேயே தங்க வேண்டும், அல்லது இந்தப் பாதைகளில் ஏதேனும் ஒன்றின் வழியாக டீசல் செலவில் கீழே இறங்க வேண்டும். எது தங்க வேண்டும், எது இறங்க வேண்டும் என்ற முடிவைச் சரியாக எடுப்பதுதான் மலைப்பகுதிக் கழிவு மேலாண்மையின் மையம். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை, இத்துறையை முன்பின் அறியாதவர்களும் பின்தொடரும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுசுழற்சி எங்கே தொடங்குகிறது?

பயன்படுத்தி முடித்த ஒரு பொருளை மீண்டும் மூலப்பொருளாக மாற்றி, அதிலிருந்து புதிய பொருளைச் செய்வதற்கு மறுசுழற்சி என்று பெயர். காலிப் பாட்டிலை நீலத் தொட்டியில் போடும்போது நாம் அதைப் பிரித்து வைக்கிறோம். தூய்மைக் காவலர் அதை எடுத்துச் செல்லும்போது அது சேகரிக்கப்படுகிறது. இவை இரண்டும் இன்றியமையாத வேலைகளே. எனினும் மறுசுழற்சி அப்போதும் நடந்துவிடுவதில்லை. அந்தப் பாட்டிலைக் காசு கொடுத்து வாங்க ஒருவர் முன்வந்து, அவரிடமிருந்து அது ஓர் ஆலையைச் சென்றடையும்போதுதான் மறுசுழற்சி நடக்கிறது. வாங்குவதற்கு ஆளில்லாத பொருள், எத்தனை அழகாகப் பிரித்து அடுக்கினாலும், குப்பையாகவே இருக்கும்.

ஆகவே மறுசுழற்சியை ஒரு வியாபாரமாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய இரும்புக்கடைக்காரர் ஒரு பொருளை எடுப்பதும் மறுப்பதும் மூன்று காரணங்களைப் பொறுத்தது: அந்தப் பொருள் ஒரே வகையாக இருக்கிறதா, அழுக்கும் ஈரமும் இல்லாமல் இருக்கிறதா, ஆலைக்குக் கொண்டுசெல்லும் வண்டிக்கூலியைத் தாண்டி ஏதேனும் மிஞ்சுமா. சமவெளியில் முதல் இரண்டு காரணங்களே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன. மலையில் மூன்றாவது காரணம் முன்னால் வந்து நிற்கிறது.

காபித் தோட்டம் கற்றுத் தருவது

இதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டில் இருப்பவர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காபி பயிராகத் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. செடியிலிருந்து பறித்த காபிப் பழத்தை யாரும் அப்படியே மூட்டை கட்டிச் சேலத்துக்கு அனுப்புவதில்லை. பழத்தில் பெரும்பகுதி தோலும் சதையும் நீருமாக இருப்பதால், ஐந்தாறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ அளவுக்கே காபிக்கொட்டை கிடைக்கும். அதனால் தோட்டத்திலேயே பழத்தைத் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்து, மேலுறையோடு கூடிய காய்ந்த கொட்டையை மட்டும் கீழே அனுப்புகிறார்கள். உரித்த தோல் தோட்டத்திலேயே மக்கி, மீண்டும் செடிக்கு எருவாகப் போகிறது. பழுத்ததையும் காயையும் பறிக்கும்போதே பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டிவிட்டால், மொத்தச் சரக்கின் தரமும் விலையும் கெடும் என்பது பறிக்கும் பெண்களுக்குக்கூடத் தெரிந்த செய்தி.

குப்பைக்கும் இதே நியாயம் பொருந்தும். கனமானதும் ஈரமானதும் விலை குறைந்ததும் மலையிலேயே பக்குவப்பட வேண்டும். காய்ந்ததும் விலை போவதும் சுருக்கிக் கட்டப்பட்டுக் கீழே இறங்க வேண்டும். இரண்டும் தொடக்கத்திலேயே பிரிந்திருக்க வேண்டும். காபியில் நாம் எப்போதோ கற்றுக்கொண்ட இந்த ஒழுங்கைக் குப்பையில் இன்னும் கைக்கொள்ளாதது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு டன் குப்பையில் எவ்வளவு தண்ணீர்?

நம் ஊர்களின் குப்பையில் எடைக்கணக்கில் ஏறத்தாழ பாதி, காய்கறிக் கழிவு, மிச்ச உணவு, எச்சில் இலை, பழத்தோல் போன்றவையாகும். நுண்ணுயிர்கள் தின்று மண்ணாக்கக்கூடிய இவற்றை மக்கும் குப்பை என்கிறோம். உணவுக் கழிவின் எடையில் நூற்றுக்கு 70 பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிக்கப்படாத குப்பை ஒரு டன் வண்டியில் ஏறுகிறது என்றால், அதில் 500 கிலோ மக்கும் குப்பை. அதற்குள் ஏறக்குறைய 350 கிலோ வெறும் தண்ணீர். அதாவது, ‘மொத்தமாக அள்ளிக் கீழே அனுப்புவது’ என்ற யோசனையின்படி, வண்டி ஒவ்வொரு முறையும் தன் சுமையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு 20 வளைவுகளையும் இறங்கும்.

அந்தத் தண்ணீர் சும்மாவும் இருப்பதில்லை. அழுகும் உணவிலிருந்து வடிந்து, கூடவே இருக்கும் காகிதத்தையும் அட்டையையும் ஊறவைத்து, பிளாஸ்டிக்கின் மேல் பிசுபிசுப்பாகப் படிகிறது. நனைந்து நாறிய அட்டையை எந்தக் கடைக்காரரும் எடுக்க மாட்டார். காலையில் காய்ந்திருந்தபோது விலை போகக்கூடியதாக இருந்த அட்டைப்பெட்டி, ஒரு கரண்டி சாம்பார் பட்டதால் மாலைக்குள் குப்பையாகிவிடுகிறது. கலந்த குப்பையைப் பிறகு ஆள்வைத்துப் பிரிக்கலாம் என்று சொல்வோர் இந்தச் சேதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படிப் பிரிக்க நேரும் தூய்மைக் காவலர்களின் கைகள் என்ன பாடுபடும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: மறுசுழற்சி என்பது வாங்குபவரிடம் பொருள் போய்ச் சேர்வது. மலையில் அதைத் தடுப்பவை தூரமும் ஈரமும். ஈரத்தைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டால் தூரத்தின் செலவும் பாதியாகக் குறைகிறது.

மலையில் தங்க வேண்டியது: உரமாகும் பாதி

மக்கும் குப்பையை உரமாக்குவது மிக எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குழி தோண்டிக் கொட்டி மூடினால் தானாக உரமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொட்டி மூடிய குழியில் நடப்பது வேறு. உரமாக்கும் வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும். அவற்றில் நமக்கு வேண்டிய வகை, காற்று இருந்தால்தான் பிழைக்கும். காற்றுப் புகாமல் மூடிவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை போன்ற நாற்றத்தையும் மீத்தேன் வாயுவையும் உண்டாக்குகின்றன. மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. ஆகவே நாற்றம் அடிக்கும் உரக்குழி என்பது மூச்சுத் திணறும் உரக்குழி.

காற்றோடு சேர்த்து அந்த நுண்ணுயிர்களுக்கு உணவும் சரியான விகிதத்தில் வேண்டும். உணவுக் கழிவில் தழைச்சத்து அதிகம்; காய்ந்த இலை, உமி, மரத்தூள் ஆகியவற்றில் கரிமச்சத்து அதிகம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு வரை கரிமச்சத்து இருக்கும்படி கலந்தால் குவியல் நன்றாக வேலை செய்யும். அளவுகோல் எடுத்து அளக்க வேண்டியதில்லை. ஒரு கூடை சமையலறைக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு என்று பழகிக்கொண்டால் போதும். இங்கே ஏற்காட்டுக்கு ஒரு பெரிய நல்வாய்ப்பு இருக்கிறது. காபிக்கும் மிளகுக்கும் நிழலாகவும் பற்றாகவும் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் உதிர்க்கும் சருகு தோட்டங்களில் குவிந்து கிடக்கிறது, காபித்தோலும் கிடைக்கிறது. சமவெளி நகரங்கள் உரக்கூடத்துக்குச் சருகு தேடி அலையும்போது, இங்கே அது காலடியில் இருக்கிறது.

சரியாகக் கலந்த குவியலில் இரண்டு மூன்று நாட்களில் சூடு ஏறும். பனிக்காலக் காலையில் குவியலை முள்கரண்டியால் புரட்டினால் உள்ளிருந்து ஆவி எழுவதைப் பார்க்கலாம். கையை உள்ளே விட்டால் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நடுப்பகுதியின் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்து சில நாட்கள் நிலைத்தால், நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மடிந்துவிடும். தோட்டத்துக்குப் போகும் உரத்தில் களைவிதை இருக்கக் கூடாது என்பதால் இந்தச் சூடு முக்கியமானது. சூடு தணிந்ததும் புரட்ட வேண்டும். புரட்டினால் காற்றுப் புகுந்து மீண்டும் சூடேறும். ஈரத்தை அறிய ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பது வழக்கம்: விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி, ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மண்புழுக்களை இந்தச் சூட்டில் விட்டால் செத்துவிடும். குவியல் ஆறிய பிறகே அவற்றின் முறை வரும்.

சமவெளியில் இரண்டு மாதத்தில் முடியும் இவ்வேலை மலைக்குளிரில் சற்றுக் கூடுதல் காலம் எடுக்கும். குவியலைச் சிறிதாக வைத்தால் சூடு தங்காது. இடுப்பளவு உயரமாவது இருக்க வேண்டும். மழை அதிகம் என்பதால் மேற்கூரை கட்டாயம். கூரையில்லாத உரக்குழியில் மழை பெய்தால், குப்பையின் சாறு கரைந்து வெளியேறும். கசிவு நீர் எனப்படும் இந்தச் சாறு கறுத்து, நாறி, கலக்கும் ஓடையின் உயிர்வளியை உறிஞ்சிவிடும். குரங்கும் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் வரக்கூடிய இடமாதலால் கம்பிவலைச் சுற்றும் வேண்டும். இதற்குப் பெரிய ஆலை எதுவும் தேவையில்லை. ஊராட்சிகளில் நடத்தப்படும் சிறிய உரக்கூடங்கள், விடுதிகளின் பின்புறம், தோட்டங்களின் ஓரம் என்று ஆங்காங்கே சிறிய அளவில் நடத்துவதே மலைக்குப் பொருந்தும். ஒரே இடத்தில் பெரிதாகக் கட்டினால் மலைக்குள்ளேயே ஈரக் குப்பையை ஊர் ஊராகச் சுமக்க நேரும்.

கறிக்கடைக் கழிவு மட்டும் வேறு கவனம் கேட்கும். அதைச் சாலையோரம் வீசினால் நாய்களும் பன்றிகளும் கூடும். திறந்த உரக்குவியலில் போட்டாலும் அதே கதைதான். சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய கலன்களே அதற்கு ஏற்றவை.

கீழே இறங்க வேண்டியது: காய்ந்த சரக்கு

காகிதம், அட்டை, உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவை காய்ந்த குப்பை. இவற்றில் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயர் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் பெயர். தண்ணீர் பாட்டிலின் உடலும் அதன் மூடியும் வேறுவேறு பிளாஸ்டிக்குகள். பாட்டிலின் உடல் பெட் எனப்படும் வகை. மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன். இரண்டும் உருகும் வெப்பநிலை வேறு. உருக்கினால் ஒன்றோடொன்று கலக்கவும் மாட்டா. ஆகவே இனம் பிரிக்காமல் உருக்கினால் வலுவற்ற, எதற்கும் உதவாத கட்டியே கிடைக்கும்.

ஆலையில் இவற்றைப் பிரிக்கும் முறை அழகானது. பாட்டில்களை மூடியோடு சேர்த்துச் சிறு சில்லுகளாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். பெட் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் தங்கும். மூடிச் சில்லு இலேசானது, மேலே மிதக்கும். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் யாரும் இதைச் செய்து பார்க்கலாம். பின்னர் சுடுநீரிலும் காஸ்டிக் சோடாவிலும் கழுவிப் பசையும் அழுக்கும் நீக்கி, உலர்த்தி, 260 டிகிரி அளவில் உருக்கி இழையாக இழுக்கிறார்கள். நாம் உடுத்தும் பாலியெஸ்டர் துணியில் இப்படி வந்த இழையும் உண்டு. பிவிசி வகைப் பிளாஸ்டிக் சிறிதளவு கலந்துவிட்டாலும் சிக்கல்தான். அதுவும் தண்ணீரில் மூழ்குவதால் பெட்டோடு சேர்ந்து போய், உருக்கும் சூட்டில் சிதைந்து, மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும்.

பொருள்களின் அடியில் காணும் முக்கோணக் குறியையும் அதனுள் இருக்கும் எண்ணையும் பார்த்து, ‘இது மறுசுழற்சி ஆகிவிடும்’ என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டுமே சொல்கிறது. 1 என்றால் பெட், 2 என்றால் அடர் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். அதை வாங்க உங்கள் ஊரில் ஆள் இருக்கிறார் என்ற உறுதியை அது தருவதில்லை.

இனி மலைப்பாதையின் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை ஏறத்தாழ 20, 25 கிராம். ஒரு கிலோ சேர 40, 50 பாட்டில்கள் வேண்டும். நசுக்காத பாட்டில்களை வண்டியில் ஏற்றினால், ஒரு கன மீட்டர் இடத்தில் 30 கிலோகூடத் தேறாது. வண்டி நிரம்பிவிடும், எடையோ இருக்காது. காற்றைச் சுமந்து செல்வதற்கு டீசல் செலவழிப்பதாகவே அது முடியும். அதே பாட்டில்களை அழுத்து இயந்திரத்தில் வைத்துப் பொதியாகக் கட்டினால் அதே இடத்தில் 200 கிலோவுக்கு மேல் அடங்கும். ஒரே வண்டி, ஒரே டீசல், பல மடங்கு சரக்கு. மலையில் மறுசுழற்சி ஆலை வேண்டும் என்போர் கேட்க வேண்டியது உண்மையில் இந்தப் பொதிக்கட்டு இயந்திரத்தைத்தான். கழுவி உருக்கும் ஆலைக்கு நாள்தோறும் டன் கணக்கில் ஒரே வகைச் சரக்கும், ஏராளமான தண்ணீரும், அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியும் வேண்டும். இவை எதுவும் ஏற்காட்டுக்குப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை.

அலுமினிய டப்பாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. கிலோவுக்கு நல்ல விலை கிடைப்பதால் அதைப் பொறுக்கிச் சேர்க்க எப்போதும் ஆள் உண்டு. சேர்வராயன் மலையில் பாக்சைட் தாதுவை வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் செய்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். வெட்டிய இடங்களின் காயம் மலையில் இன்னும் தெரிகிறது. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்கத் தேவைப்படும் ஆற்றல், தாதுவிலிருந்து எடுப்பதற்குத் தேவைப்படுவதில் 20-இல் ஒரு பங்குதான். ஒரு டப்பாவைக் காட்டில் வீசுகிறவர், இன்னொரு மலையை வெட்டுவதற்கு வழிசெய்கிறார்.

சுருங்கச் சொன்னால், காய்ந்த குப்பை மலையை விட்டு இறங்குவதற்கு மூன்று தகுதிகள் வேண்டும்: காய்ந்திருக்க வேண்டும், இனம் பிரிந்திருக்க வேண்டும், அழுத்திக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு ஒரு தனிவழி

கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். ஆனால் அது கனமானது, விலை மலிந்தது. பாட்டில்களைப் பொறுக்கிச் சேர்க்க ஆகும் கூலியும் இறக்கும் கூலியும் அதன் விலையைத் தின்றுவிடும். விளைவாக, மது பாட்டில்கள் வளைவுகளின் ஓரத்திலும் காபிச் செடிகளுக்கு இடையிலும் உடைந்து கிடக்கின்றன. வெறுங்காலோடு தோட்ட வேலை செய்பவரின் பாதத்திலும் காட்டெருமையின் குளம்பிலும் அவை ஏறுகின்றன.

சந்தை தராத விலையை விதி மூலம் உண்டாக்க முடியும் என்பதை நீலகிரி காட்டியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து, 2022 மே மாதம் முதல் அம்மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் பாட்டிலைத் திருப்பித் தரும்போது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் வேறு பகுதிகளுக்கும் அது விரிந்தது. இதற்கு வைப்புத்தொகை முறை என்று பெயர். குடித்தவர் வீசிவிட்டாலும், 10 ரூபாய்க்காக இன்னொருவர் அதைக் குனிந்து எடுப்பார் என்பதே இம்முறையின் வலிமை. தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் மலைப்பகுதிகள் முழுவதிலும் இதே முறை வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலை போகாதவை

சிப்ஸ் பொட்டலம், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் ஆகியவற்றைக் கிழித்துப் பார்த்தால் உட்புறம் வெள்ளி போல மின்னும். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் வேறொரு பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டிய இதைப் பல அடுக்கு உறை என்பார்கள். அடுக்குகளைப் பிரித்தெடுக்க மலிவான வழி இல்லாததால் இதை வாங்க ஆளில்லை. சிமெண்ட் ஆலைச் சூளைகளில் நிலக்கரியோடு சேர்த்து எரிபொருளாக்குவதே இதற்கு இப்போது இருக்கும் பெரிய வழி. 1,400 டிகிரிக்கு மேல் எரியும் அந்தச் சூளையில் நச்சுப் பொருள்கள் சிதைந்துவிடும். இது மறுசுழற்சி ஆகாது. வீசியெறிவதைவிட மேலானது, அவ்வளவே.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று அச்சிட்ட பைகளும் ஏமாற்றம் தருபவை. அவற்றில் பெரும்பாலானவை, 58 டிகிரி அளவில் சூட்டை நிறுத்திவைக்கும் தொழில்முறை உரக்கூடங்களில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. ஏற்காட்டின் குளிர்ந்த மண்ணில் அவை நெடுங்காலம் அப்படியே கிடக்கும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் இவ்வகையே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் அவையும் அடங்கும். இவற்றுக்குப் பாக்குமட்டைத் தட்டும், மந்தாரை இலையும், கழுவிப் பயன்படுத்தும் டம்ளரும் நல்ல மாற்று. உண்டாகாத குப்பைக்கு வண்டிக்கூலி இல்லை.

சானிட்டரி நாப்கின், குழந்தைகளுக்கான டயப்பர் ஆகியவற்றைக் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய மருந்து, பேட்டரி, பல்பு ஆகியவை இன்னொரு தனிப்பிரிவு. அளவில் இவை சிறியவை, தீங்கில் பெரியவை.

சரிவில் தள்ளுவதும் தீ வைப்பதும்

சரிவில் தள்ளிய குப்பை கண்ணிலிருந்து மறையலாம். தண்ணீரின் கணக்கிலிருந்து மறைவதில்லை. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாக விழுகிறது. சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறும், ஓமலூர் பக்கம் போகும் சரபங்காவும் சேர்வராயன் மலையில் பிறந்து காவிரியை நோக்கிச் செல்பவை. மலையின் வடபுறம் வாணியாறு தருமபுரி மாவட்டத்துக்கு இறங்குகிறது. மேலே வீசப்படும் பை, மழைநாளில் முதலில் சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலத்தின் வாயில் சிக்கும். வாய் அடைபட்டால் வெள்ளம் சாலை மீது ஏறி, ஓரத்து மண்ணை அரிக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதை நாம் பார்த்தோம். அத்தகைய பெருமழையை யாராலும் தடுக்க முடியாது. நீர் வடியும் வழியைத் திறந்து வைத்திருக்க நம்மால் முடியும்.

தீ வைப்பது இன்னும் மோசமானது. திறந்த வெளியில் எரியும் குப்பைக்குப் போதிய சூடும் காற்றும் கிடைப்பதில்லை. ஈரக் குப்பை சூட்டை உறிஞ்சிக்கொள்ள, பிளாஸ்டிக் அரைகுறையாகக் கருகும். பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகும். இது கொழுப்பில் கரைந்து மாட்டின் பாலிலும் மனித உடலிலும் பல ஆண்டுகள் தங்கக்கூடியது. மலையில் இதற்கு ஒரு கூடுதல் தீமை உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் தேங்கிவிடுவதால், புகை மேலெழாமல் விடியும்வரை குடியிருப்புகளின் மீதே படிந்திருக்கும்.

விதி என்ன சொன்னது?

மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மலைப்பகுதிகளுக்கென்று ஒரு தனி விதியே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது; 2026 ஏப்ரலில் அவற்றின் இடத்துக்குப் புதிய விதிகள் வந்தன. மலை மீது குப்பை நிரப்பிடம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றது அந்த 2016 விதி. உரமாக்கியும் பிரித்தும் எடுத்த பிறகு மிஞ்சும் எச்சக் கழிவை மட்டும் மூடப்பட்ட ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும். மலையடிவாரத்தில் 25 கிலோமீட்டருக்குள் சமவெளியில் இடம் தேர்ந்து அங்கே முறையாகப் புதைக்க வேண்டும். சேர்த்துவைக்கும் அந்த இடத்துக்கு மாற்று நிலையம் என்று பெயர். மலைப்பாதை அடைபடும் நாட்களுக்கும் போதுமான கொள்ளளவு அதற்கு வேண்டும் என்பதை 2024 டிசம்பர் உணர்த்தியது. பாட்டில், டப்பா, காகிதம் எதையும் சாலையிலோ சரிவிலோ வீசக் கூடாது என்று சுற்றுலாப் பயணிகளுக்கு நுழைவிடத்திலும் விடுதிகளிலும் தெரிவிக்க வேண்டும் என்றும், நுழைவிடத்தில் அவர்களிடம் குப்பைக் கட்டணம் பெறலாம் என்றும் அதே விதி கூறியது.

‘எச்சத்தை மட்டும்’ என்ற சொல்லை அழுத்தமாகப் படிக்க வேண்டும். எருமாபாளையத்திலும் செட்டிச்சாவடியிலும் நகரத்துக் குப்பை குவிந்ததைப் பார்த்த சேலத்து மக்களிடம், மலைக் குப்பையையும் பிரிக்காமல் இறக்குங்கள் என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

செலவு யாருடையது?

ஏற்காடு பெருநகரம் அன்று. ஊராட்சி ஒன்றியத்தின் கீழுள்ள ஊராட்சிகளால் நெடுங்காலம் நிர்வகிக்கப்பட்டுவந்த பகுதி. உள்ளூர் மக்களின் எண்ணிக்கையை வைத்து ஒதுக்கப்படும் ஆட்களும் வண்டிகளும், மே மாத விடுமுறையில் வந்து குவியும் கூட்டத்தின் குப்பையை எப்படித் தாங்கும்? ஆகவே பயணிகளிடம் சிறு கட்டணம் பெறுவதும், விடுதிகள் தம் மக்கும் குப்பையைத் தம் வளாகத்திலேயே உரமாக்கச் செய்வதும் நியாயமானவை. பொட்டலம் விற்கும் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. தாம் சந்தையில் விட்ட பிளாஸ்டிக் உறைகளுக்கு ஈடாகத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் கடமை அவற்றுக்கு உண்டு; 2022 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகள் அதை விரிவாக வகுத்தன. இக்கடமையை உற்பத்தியாளர் பொறுப்பு என்பார்கள். மலையிலிருந்து இறங்கும் பொதிகளுக்கு அந்நிறுவனங்கள் வண்டிக்கூலி கொடுத்தாலே கணக்கு நேராகிவிடும்.

வண்டிக்கூலியைக் குறைக்க இன்னொரு வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சேலம் லீ பஜாரிலிருந்து அரிசியும் மளிகையும் ஏற்றிக்கொண்டு மேலே வரும் வண்டிகள் காலியாகத் திரும்புகின்றன. காபி அறுவடை நடக்கும் குளிர்கால மாதங்களில் கீழிறங்க வேறு சரக்கு கிடைக்கலாம்; குப்பை உச்சத்தைத் தொடும் கோடையில் அதுவும் குறைவு. காய்ந்து, கட்டப்பட்டு, நாறாமல் இருக்கும் பொதியை அந்த வண்டிக்காரர் மறுக்க மாட்டார். ஈரம் ஒழுகும் மூட்டையை எந்த மளிகை வண்டியும் ஏற்றாது. பிரித்து வைப்பதன் பலன் இங்கே நேரடியாக ரூபாயில் தெரிகிறது.

இவை எல்லாம் நடக்கின்றனவா என்பதைத் தொட்டிகளின் எண்ணிக்கையால் அறிய முடியாது. ஒவ்வோர் ஊராட்சியும் நாள்தோறும் மூன்று எடைகளை ஒரு பேரேட்டில் எழுதிவந்தால் போதும்: உரக்கூடத்துக்குப் போனது, விற்பனைக்குக் கட்டியது, எச்சமாக மிஞ்சியது. எச்சத்தின் எடை ஒரு வாரம் திடீரென்று ஏறினால், ஏதோ ஓர் இடத்தில் பிரிப்பது நின்றிருக்கிறது என்று பொருள். எந்தத் தெருவின் வண்டியில், எந்த விடுதியின் மூட்டையில் என்று தேடிப் போகலாம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இந்தப் பேரேட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு.